வாயில் குண்டூசி

உதடுகளுக்கு நடுவே குண்டூசிகளைக் கடித்தபடி, எதிரே நிற்கும் ஆளின் பேண்ட் காலை மடித்துப் பிடித்து, "ம்" என்கிறாள் ஆல்டரேஷன் அக்கா. அந்த "ம்" என்றால் அசையாமல் நில் என்று அர்த்தம். சற்று நீட்டி "ம்ம்" என்றால் திரும்பி நில். "ம்ஹும்" என்று வந்துவிட்டால் கதை முடிந்தது, நீங்கள் கேட்ட நாளில் துணி கிடைக்காது. பழைய வாடிக்கைக்காரர்களுக்கு இந்த மொழி அத்துப்படி. புதிதாக வருகிறவர்கள்தான், "என்ன சொல்றாங்க?" என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து முழிப்பார்கள்.

அதைக் கடை என்று சொன்னால் கடைக்கே சிரிப்பு வரும். அலுவலகங்கள் அடுக்கிய ஒரு கட்டிடத்தில், மாடிப்படிக்கு அடியில், தலை இடிக்காமல் குனிந்து போக வேண்டிய முக்கோண இடம். ஒரு தையல் மிஷின், ஒரு இஸ்திரி மேஜை, கம்பியில் தொங்கும் கோட்டுகள், ஜிப் மாற்ற வந்த பைகள். புதுத் துணி எதுவும் அக்கா தைப்பதில்லை. பிடிப்பது, தளர்த்துவது, நீளம் குறைப்பது, கிழிந்ததை இழுத்துச் சேர்ப்பது, இவ்வளவுதான் தொழில். நூல்கண்டுத் தட்டுக்கு மேல் ஒரு சின்னப் பலகை. அதில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு புத்தர், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு வெள்ளைப் பூ. மேலே யாராவது படியில் தடதடவென்று இறங்கினால் டம்ளர் தண்ணீர் நடுங்கும். புத்தர் நடுங்க மாட்டார். அக்கா அவரைப் பிசின் போட்டு ஒட்டி வைத்திருக்கிறாள்.

இந்தத் தொழிலில் பொய் சொல்லாமல் பிழைத்தவர்கள் உண்டா? "நாளைக்கு வாங்க" என்பது தையற்காரர்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. அக்கா மட்டும் சொல்ல மாட்டாள். பொய் சொல்வதில்லை என்று தினமும் காலையில் அந்தப் பலகை முன்னால் வாய்விட்டு உறுதி எடுத்துக்கொள்கிறாள். எடுத்த வாய் காயும் முன்னே வாடிக்கைக்காரரிடம் "நாளைக்கு" என்று அளந்தால், புத்தர் சும்மா இருந்தாலும் தன் மனசு சும்மா இருக்காதாம். வேலைக்கு நேர்முகத் தேர்வு என்று ஒருவர் புது பேண்டோடு ஓடி வந்தபோது, "உண்மையைச் சொல்லட்டுமா, பொய் சொல்லட்டுமா? உண்மைன்னா வியாழக்கிழமை. பொய்னா நாளைக்குக் காலையில வாங்க" என்றாள். அந்த மனிதர் கோபித்துக்கொண்டு அடுத்த தெருவில் கொடுத்தார். அங்கே "நாளைக்கு" என்றார்கள். நேர்முகத் தேர்வுக்குப் பழைய பேண்டில் போய், வியாழக்கிழமை புது பேண்டை இங்கே கொண்டுவந்து கொடுத்தார்.

உண்மை பேசுகிற வாயும் ஒரு வகையில் ஆபத்தான வாய்தான். இடுப்பைத் தளர்த்த வந்தவர்கள், "நான் குண்டாயிட்டேனா அக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றால் அவர்கள் முகம் சுருங்கும். இல்லை என்றால் பொய். அந்த நேரத்தில்தான் டப்பாவிலிருந்து குண்டூசிகள் வாய்க்குப் போகும். "வாயில ஊசி இருந்தா பொய்யும் வராது, பொல்லாப்பும் வராது" என்பது அக்காவின் சொந்தச் சரக்கு. கேட்டவர்களும் அவள் சொல்லும் "ம்" என்பதைத் தங்களுக்குப் பிடித்த மாதிரி எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போய்விடுவார்கள்.

அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் புத்தரைக் கும்பிட்டவர்கள் யாரும் இல்லை. ஒரு நாள் பஸ் கதவில் மாட்டிக் கிழிந்த காவித் துணியோடு இளவயது பிக்கு ஒருவர் படிக்கு அடியில் குனிந்து வந்தார். பிக்கு அணிகிற அந்தத் துணிக்குச் சீவரம் என்று பெயர். அக்கா அதை விரித்துப் பார்த்தாள். முழுத் துணியே அல்ல. சின்னதும் பெரியதுமாகத் துண்டுகளை, வயலையும் வரப்பையும் போலச் சேர்த்துத் தைத்திருந்தது. நல்ல துணியை யாரோ கெடுத்து வைத்திருக்கிறார்களே என்று தொழில்காரிக்கு வயிறு எரிந்தது. எதற்கு இப்படி வெட்டினார்கள் என்று கேட்டாள். பிக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "முழுசா இருந்தா அடுத்தவங்களுக்கு அது மேல ஆசை வரும். வெட்டிட்டா யாருக்கும் வராது" என்றார். வெட்டின துணிக்கு மதிப்பு இல்லை என்பது அக்காவுக்கும் தெரியும். ஆனால் மதிப்பு போக வேண்டும் என்றே ஒருவர் வெட்டுவார் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் சொன்ன இடத்தைத் தேடிப் போய்விட்டாள்.

டயர் கடைக்கு மேலே ஒரு ஹால். ஊதுவத்தி வாசனையும் ரப்பர் வாசனையும் கலந்து அடிக்கும். எல்லாரும் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கிற நேரம் பார்த்துக் கீழே காற்றடிக்கிற மிஷின் புஸ் என்று ஒரு மூச்சு விடும். பிக்குவுக்குத் தீராத ஜலதோஷம். அவரை எல்லாரும் "பந்தே" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அக்கா அங்கே போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. எறும்புக்குப் பொடி போடுவதை விட்டாள். கொசு காதோரம் பாடினால் துண்டை ஆட்டி, "போயிட்டு வா" என்கிறாள், அதுவும் சொன்ன சொல் தவறாமல் போய்விட்டு வருகிறது. புத்தருக்கு வைக்கிற பூவை முதலில் நாம் முகர்ந்துவிடக் கூடாது என்று கேள்விப்பட்ட நாள் முதல், பூக்கடையிலிருந்து தன் கடை வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு வேக வேகமாக நடந்து, பாதி வழியில் தலை சுற்றி நிற்பாள்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் மறைத்தால் அக்காவுக்கே பிடிக்காது. அவளுக்குப் பொறாமை. ஊர் முழுக்க அல்ல, ஒரே ஒரு ஆள் மேல்தான். ஆனால் ஊர் முழுக்கப் பட வேண்டியதை அந்த ஒரு ஆள் மேலேயே படுகிறாள்.

அந்த ஆள் அவளுடைய ஓரகத்தி, புருஷனின் தம்பி மனைவி. வீட்டில் பெயர் சின்னவள். ஒரே மாடியில் எதிரெதிர் வாசல். சின்னவளுக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுக்கிற வேலை. எந்தக் கையிலும் நரம்பு எங்கே என்று விரலாலேயே கண்டுபிடித்துவிடுவாள், குத்தினதே தெரியாது என்று பேர். ஒரு சமயம் அவளுக்குத் தூக்கமே வராமல் கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தபோது, "நீயும் வந்து கொஞ்ச நேரம் சும்மா உக்காரேன்" என்று ஹாலுக்குக் கூட்டிப் போனது அக்காவேதான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. இதை அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டு சொல்வாள். சொல்லிவிட்டு, "பாவம், ஓணான்னு சொல்லக் கூடாது" என்று தன்னையே திருத்திக்கொள்வாள்.

முதல் நாளே சின்னவள் கம்பு நட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டாள். அக்காவுக்கு இத்தனை வருஷம் உட்கார்ந்தும் முழங்கால் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. காலை மாற்றுவாள், புடவையை இழுப்பாள், இடுப்பைப் பிடிப்பாள். ஒற்றைக் கண்ணை மட்டும் திறந்து பக்கத்தில் பார்த்தால், சின்னவளின் முந்தானை நுனிகூட ஆடியிருக்காது. "தூங்கறாளோன்னு பார்த்தேன். தூங்கவும் இல்லை" என்று புருஷனிடம் வந்து முறையிட்டாள். அக்கா தாளைப் பார்த்துப் பார்த்துப் படிக்கிற பாராயணத்தைச் சின்னவள் பஸ்ஸில் போகும்போதே மனப்பாடம் செய்துவிட்டாள். குரலும் வாய்த்திருக்கிறது. விடிகாலையில் எதிர் வாசலிலிருந்து அந்தக் குரல் வரும்போது அக்கா தன் பாராயணத்தைச் சற்றுச் சத்தமாகப் படிப்பாள், அதனால் இரண்டு சொல் விட்டுப்போகும்.

ஒரே ஒரு நாள் அக்காவுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. ஹாலில் பூத்தட்டின் மேல் சின்னவளின் மூக்கு குனிந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டாள். பூவை முகர்ந்துவிட்டாள்! அன்று முழுக்க அக்காவின் மிஷின் பறந்தது, பேண்ட்டுகள் சொன்ன நேரத்துக்கு முன்பே தயாராயின. சாயங்காலம் விசாரித்ததில், பூவில் ஒரு எறும்பு இருந்ததாம், அது நசுங்காமல் ஊதி அனுப்பினாளாம். அக்காவுக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

"கொல்றதில்லை, திருடறதில்லை, தப்பா நடக்கறதில்லை, பொய் சொல்றதில்லை, குடிக்கறதில்லை. அஞ்சுலயும் நான் பாஸ். பொறாமைப்படக் கூடாதுன்னு அதுல எங்கயாவது இருக்கா?" என்று புருஷனைக் கேட்டாள். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், நாள் முழுக்கக் கூச்சல் கேட்டு வீட்டில் அதிகம் பேச மாட்டார். "ஆறாவதா சேர்த்துக்கலாமான்னு பந்தேகிட்ட கேட்டுப் பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சிக்கல் எங்கே என்றால், அந்த ஹாலில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு நல்ல காரியம் செய்தால் அதை எல்லார் முன்னாலும் சொல்வார்கள். கேட்டவர்கள் கைகூப்பி மூன்று தடவை "சாது, சாது, சாது" என்பார்கள். நன்று நன்று என்கிற மாதிரி. அடுத்தவர் செய்த நல்லதில் மனசார மகிழ்ந்து அப்படிச் சொன்னால், அந்தப் புண்ணியத்தில் சொன்னவருக்கும் பங்கு உண்டு. உழைக்காமலேயே கூலி. மனசில் மகிழ்ச்சி இருக்க வேண்டும், அவ்வளவுதான். வேறு யாருக்கும் அக்கா சத்தமாகவே சொல்வாள். சின்னவள் செய்ததைச் சொல்லும்போது மட்டும் வாய் வராது. மகிழ்ச்சி இல்லாமல் சொன்னால் அது பொய், பொய் சொல்லக் கூடாது. சொல்லாமல் உட்கார்ந்தால் ஊருக்கே தெரிந்துவிடும். அதனால் அக்கா இருமுவாள். சின்னவளின் பெயர் வந்ததும் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்து தண்ணீர்ப் பானைப் பக்கம் போவாள். மூன்று சாதுவும் முடிந்த பிறகு திரும்பி வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிக்கு அவளைத் தனியாகப் பார்த்து, இந்த இருமலுக்கு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று அக்கறையாகக் கேட்டார். ஜலதோஷக்காரருக்கு அடுத்தவர் இருமல் மேல் இயல்பாகவே ஒரு பாசம் இருக்கும். பாவம், யாரிடம் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"இருமல் வரலை பந்தே. வர வைக்கறேன்" என்றாள் அக்கா.

முழுக் கதையும் வெளியே வந்தது. பிக்கு கேட்டுவிட்டு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. மனசில் இல்லாதபோது சொல்ல வேண்டாம், பொய்யைவிட இருமல் தேவலை, ஆனால் தினமும் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வீர்களே, அந்த வரிசையில் சின்னவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். அந்த வரிசைக்கு ஒரு முறை உண்டு. முதலில் தான், பிறகு மதிப்புக்குரியவர், பிறகு நல்லதும் கெட்டதும் தோன்றாத யாரோ ஒருவர், கடைசியில் மனசுக்கு ஒவ்வாதவர். யாரோ ஒருவர் இடத்தில் அக்கா தண்ணீர் கேன் போடுகிறவரை வைத்திருந்தாள். ஒவ்வாதவர் இடத்தில், மட்டமான ஜிப்பைத் தலையில் கட்டின மொத்த வியாபாரியை. இப்போது வியாபாரியை எடுத்துவிட்டுச் சின்னவளை வைத்தாள். "நான் நல்லா இருக்கணும். பந்தே நல்லா இருக்கணும். தண்ணி கேன் நல்லா இருக்கணும். சின்னவ நல்லா இருக்கணும்" என்று ஆரம்பிப்பாள். உடனே உள்ளேயிருந்து ஒன்று, "ஏற்கெனவே நல்லாத்தானே இருக்கா, இன்னும் எதுக்கு?" என்று கேட்கும். அக்கா எழுந்து கடையைத் திறக்கப் போய்விடுவாள்.

அப்படியும் அவளுக்கென்று ஒரு நாள் மிச்சம் இருந்தது. மழைக்காலம் முழுக்க எங்கும் போகாமல் ஒரே இடத்தில் தங்கியிருக்கும் பிக்குவுக்கு, அது முடிந்ததும் புதுச் சீவரம் கொடுப்பார்கள். வெள்ளைத் துணியை வெட்டித் துண்டுகளாக்கி, தைத்து, சாயம் ஏற்றி, காயவைத்து, எல்லாம் அன்றைக்கே முடித்துக் கையில் கொடுத்தாக வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் செல்லாது. அன்று டயர் கடை ஆட்கள் அக்காவின் மிஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார்கள். நடு ஹாலில் போடுவார்கள். ஹால் மொத்தமும் சுற்றி உட்கார்ந்து பார்க்க, அக்கா தைப்பாள். கேட்காமலேயே டீ வரும். சாயங்காலம் "தைத்துக் கொடுத்த அக்காவுக்கு" என்று சொல்லி எல்லாரும் சாது சொல்வார்கள். வருஷத்தில் அந்த மூன்று சாதுவும் அவளுடையது. முழங்கால் வலியையும் மறந்துபோன பாராயணத்தையும் அவள் அந்த மூன்றை நினைத்துத்தான் தாங்கிக்கொண்டிருந்தாள்.

இந்த வருஷம் சின்னவள் ஒரு யோசனை சொன்னாள். மிஷின் வேண்டாமே, ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக் கையால் தைத்தால் எல்லாருக்கும் பங்கு இருக்குமே, அக்கா கடைசியில் சேர்த்துக் கொடுக்கட்டுமே. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, நல்ல யோசனைதான். ஹாலைக் கவனித்துக்கொள்ளும் டிரைவிங் ஸ்கூல்காரர் உடனே தலையாட்டினார். பிக்குவும் நல்லது என்றார். அக்கா இருமக்கூட மறந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், "முன்னாடி வந்த செவியைப் பின்னாடி வந்த கொம்பு மறைச்ச கதையாப் போச்சு" என்று முனகிக்கொண்டே வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு ஹாலுக்கு வந்து பின்னால் உட்காருகிற புருஷன், பக்கத்தில் நடந்தபடி, செவியும் வேண்டியதுதானே என்று ஆறுதல் சொல்லப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அந்த நாளும் வந்தது. மிஷின் வந்து மூலையில் நின்றது, மூடின துணியோடு. அக்கா வெட்டிக் குண்டூசி குத்திக் கொடுத்த துண்டுகளை வாங்கிக்கொண்டு ஆளாளுக்கு ஊசியோடு உட்கார்ந்தார்கள். டிரைவிங் ஸ்கூல்காரரின் தையல் எல்லாப் பக்கமும் திரும்பிப் போனது. ரிட்டையர்டு டீச்சர் ஒருவர் துண்டோடு சேர்த்துத் தன் முந்தானையையும் தைத்துக்கொண்டு எழ முடியாமல் கூப்பிட்டார். தைத்தவை எல்லாம் அக்காவின் மடிக்கு வந்தன. சரியில்லாததைப் பிரித்துத் திருப்பித் தருவது அவள் வேலை. பாதி பிளேடை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு அவள் பிரித்துத் தள்ளினாள். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. பார்த்தீர்களா, தைப்பது என்றால் சும்மாவா?

பிறகு சின்னவளின் துண்டு வந்தது.

அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். நகத்தால் இழுத்துப் பார்த்தாள். நூல் பிடித்த மாதிரி நேர்கோடு. ஒவ்வொரு தையலும் ஒரே அளவு. முடிச்சு எங்கே என்றுகூடத் தெரியவில்லை. குத்தினதே தெரியாமல் குத்துகிற கை அல்லவா. உட்காருவதில் போனது, பாராயணத்தில் போனது, பூவில் போனது. ஊசி அக்காவுடைய ஊசி. அதிலுமா? அவளுக்குக் காது இரண்டும் சுட்டது. யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பிளேடு விரலிடுக்கிலேயே இருந்தது.

பாதி பிரித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது என்று சொன்னால் அது பொய். முதல் தையலிலேயே தெரியும். தெரிந்தேதான் கடைசி வரைக்கும் பிரித்தாள்.

மதியம் தாண்டியது. மற்ற துண்டுகளெல்லாம் திருந்தி வந்து சேர்ந்துவிட்டன. பின்பக்கம் அண்டாவில் சாயம் கொதித்தது. "துணி வரலையா அக்கா? பொழுது போகுதே" என்று டிரைவிங் ஸ்கூல்காரர் வாசலில் நின்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். ஒரே ஒரு துண்டுதான் பாக்கி. அது அக்காவின் மடியில் இரண்டாகக் கிடந்தது. தானே தைத்துவிடலாம் என்று ஊசியை எடுத்தால் நூல் காதில் நுழையவில்லை. நாக்கில் ஈரம் இல்லை. என்ன ஆச்சு என்று பார்க்க வந்த சின்னவள் எதிரே வந்து உட்கார்ந்தாள். துண்டைப் பார்த்தாள். அக்காவின் மடியில் ஒட்டியிருந்த நூல் துணுக்குகளைப் பார்த்தாள்.

"என்னுதைப் பிரிச்சிட்டீங்களா அக்கா? கோணலா இருந்துச்சா?"

அக்காவின் கை தானாகக் குண்டூசி டப்பாவுக்குப் போனது. டப்பா காலி. ஊசியெல்லாம் துணியில் இருந்தது. ஆமாம் என்று தலையாட்டினால் போதும், சின்னவள் நம்பிவிடுவாள். அவள் எதையும் நம்புகிறவள், அதிலும் அக்கா சொன்னால் நம்புகிறவள். பொய் சொல்லாத அக்கா என்று வேலை செய்கிற இடத்திலெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"இல்லை" என்றாள் அக்கா. "நேராத்தான் இருந்துச்சு."

கீழே காற்றடிக்கிற மிஷின் புஸ் என்றது. ஏன் என்று சின்னவள் கேட்டிருந்தால் அக்கா அதற்கும் உண்மையைச் சொல்லியிருப்பாள், இரண்டு பேருக்கும் அது தெரியும். அக்கா அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கிற தைரியம் இல்லை. "நூலைக் குடுங்க" என்று கையை நீட்டினாள் சின்னவள். வாங்கி, கோர்த்து, தைக்க ஆரம்பித்தாள். எந்தக் கையிலும் நரம்பைக் கண்டுபிடிக்கிற விரல்கள் இந்த முறை தடுமாறின. கோடு நடுவில் வளைந்து, திரும்பவும் வழிக்கு வந்தது.

"இப்ப நெஜமாவே கோணிடுச்சு. பிரிச்சிருங்க" என்றாள்.

"இருக்கட்டும்" என்றாள் அக்கா.

அதைத் தன் கையால் மற்றவற்றோடு சேர்த்துத் தைத்தாள். துணியிலிருந்து ஒவ்வொன்றாக உருவிய குண்டூசிகளை வழக்கம்போல வாயில் வைத்துக்கொண்டே வந்தாள். சீவரம் அண்டாவுக்குள் போய்க் காவியாக எழுந்து வந்தது. ஆளுக்கு ஒரு முனை பிடித்துப் பிழிந்தார்கள். மின்விசிறிகளுக்கு நடுவே விரித்தார்கள். ஈரம் போகாத இடங்களில் அக்கா இஸ்திரிப் பெட்டியை ஓட்டினாள். அந்தக் கோணல் தையலுக்கு வந்தபோது பெட்டி தானாக மெதுவாகப் போனது. அதைப் பார்க்க ஒரு பக்கம் அவளுக்கு இனித்தது. இனித்ததற்காக இன்னொரு பக்கம் எரிந்தது.

சூரியன் ஜன்னலை விட்டு இறங்கும் முன்பு எல்லாரும் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். யோசனை சொன்னவள் கையாலேயே கொடுக்கட்டும் என்று பெரியவர்கள் சொல்ல, மடித்த சீவரத்தைச் சுமந்து வரச் சின்னவளின் தலையில் வைத்தார்கள். அக்கா கடைசியில், தன் மிஷின் பக்கத்தில், வாயில் குண்டூசியோடு உட்கார்ந்திருந்தாள். கொடுக்கும் முன்னால் டிரைவிங் ஸ்கூல்காரர் கடிகாரத்தைப் பார்த்து, ஏன் இந்த வருஷம் இவ்வளவு இழுத்தது, பொழுது சாய்ந்திருந்தால் எல்லாம் வீணாகப் போயிருக்குமே என்று பொதுவாகக் கேட்டார். அக்கா குண்டூசிகளை இன்னும் இறுக்கிக் கடித்தாள். சின்னவளும் ஐந்தையும் கடைப்பிடிக்கிறவள்தானே, அவளும் பொய் சொல்ல முடியாது.

"நான் தைச்சதை மறுபடி தைக்க வேண்டியிருந்துச்சு அண்ணா. அதுல நேரமாயிடுச்சு" என்றாள் சின்னவள்.

அக்கா அந்தச் சொற்களை ஒரு தையலைப் பார்ப்பதுபோல இழுத்து இழுத்துப் பார்த்தாள். எங்கும் பிசிறு இல்லை. பொய்யும் சொல்லவில்லை, காட்டியும் கொடுக்கவில்லை. தனக்கு இது ஒரு நாளும் வந்ததில்லையே. குண்டூசியைக் கடிக்காமல் இப்படி ஒரு உண்மையைச் சொல்லவும் முடியுமா? இந்தச் சாமர்த்தியமும் இவளுக்குத்தான் வாய்க்கணுமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கண்ணும் கலங்கியது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததால் எதற்கு எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

சின்னவள் மண்டியிட்டுச் சீவரத்தைக் கொடுத்தாள். பிக்கு மூக்கை உறிஞ்சியபடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். யோசனை சொல்லி எல்லாரையும் இதில் சேர்த்த இந்தத் தங்கச்சியின் நல்ல காரியத்தில் நாம் எல்லாரும் மகிழ்வோம் என்று டிரைவிங் ஸ்கூல்காரர் அறிவித்தார். ஹால் முழுக்கக் கைகள் கூடின. சாது. சாது. சாது. அக்காவின் புருஷன் பழக்கதோஷத்தில் திரும்பித் தண்ணீர்ப் பானைப் பக்கம் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

மூன்றும் முடிந்து கைகள் இறங்கிய பிறகு, அக்கா வாயிலிருந்து குண்டூசிகளை எடுத்துத் தன் ரவிக்கைக் கையில் ஒவ்வொன்றாகக் குத்தினாள். எடுத்து முடிக்கிற வரை எல்லாரும் ஏதோ வேலை மிச்சம் இருக்கிறது என்றுதான் நினைத்தார்கள்.

"சாது" என்றாள்.

காலியான ஹாலில் கேட்கிற மாதிரி அது தனியாகக் கேட்டது. எல்லாரும் திரும்பினார்கள். சின்னவளும் மண்டியிட்ட இடத்திலிருந்தே திரும்பினாள். இன்னும் இரண்டு பாக்கி இருந்தது. அக்கா கைகூப்பியபடி, உள்ளே தேடிப் பார்க்கிறவள் போலக் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு ரவிக்கைக் கையிலிருந்து குண்டூசிகளை உருவி, திரும்பவும் உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டாள்.